வேலையில் இருந்துகொண்டே பொழுதுபோக்குச் சிகிச்சை கற்பது: அடுத்த படி எது?

பட்டாணிச்செடி (இழையைத் தொடங்கியவர்)

முதியோர் பகல்நேர மையம். தினமும் 10 முதல் 12 பேர் வருவார்கள். பாதிக்கு மேல் மறதிநோய், ஆரம்பக் கட்டம் அல்லது நடுக்கட்டம். இருவர் பக்கவாதம் வந்து தேறியவர்கள். ஆக்டிவிட்டி, அதாவது விளையாட்டு, பாட்டு, கைவேலை வழியாகத் தரும் பொழுதுபோக்குச் சிகிச்சை, பார்த்துக்கொள்ள நான் ஒரே ஆள், உதவிக்கு ஓர் ஆயாம்மா. படிப்பு உளவியலில் இளங்கலை, அதற்கு மேல் முறையான பயிற்சி கிடையாது. கற்பதற்கென்று வாரம் 3 மணி நேரம் ஒதுக்கலாம். செலவழிக்கப் பெரிதாகப் பணம் இல்லை.

இணையத்தில் தேடினால் 'முதியோருக்கு 100 விளையாட்டுகள்' மாதிரிப் பட்டியல்கள்தான் வந்து குவிகின்றன. அதில் முப்பதைச் செய்து முடித்தாலும் முப்பத்தொன்றாவது நாள் பழைய இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஏதாவது சான்றிதழ் படிப்பில் சேருவதா? அல்லது இருக்கிற இடத்திலேயே கற்க வழி உண்டா? எதைக் கற்றால் வேலை நிஜமாகவே முன்னேறும்?

---

ஊடுபுள்ளி

பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு வேலையை எடுத்து நார் நாராகக் கிழித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் கைக்கு முதலில் வரவேண்டிய வித்தை அதுதான்.

பூக்கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பார்க்க ஒரே வேலை. பிரித்தால் ஏழு:

1. ஒத்த அளவு மொட்டு இரண்டைப் பொறுக்குவது
2. காம்புகளைச் சேர்த்து நூல்மேல் (அல்லது நார்மேல்) வைப்பது
3. எதிர்ப்பக்கம் இன்னும் இரண்டு வைப்பது
4. இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பது
5. நூலை ஒரு சுற்று கொண்டுவருவது
6. விரலில் கண்ணி போட்டுக் காம்புகளின்மேல் மாட்டுவது
7. இழுத்து இறுக்குவது

ஒவ்வொரு படிக்கும் எதிரில் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று ஓர் எண் போடுங்கள். தானாகச் செய்தால் 4. கைச்சாடை காட்டினால் போதும் என்றால் 3. ஒற்றை வரியில் சொல்ல வேண்டியிருந்தால் 2. செய்து காட்ட வேண்டியிருந்தால் 1. கையோடு கை வைத்துச் செய்ய வேண்டியிருந்தால் 0. அடுத்த உதவிக்குப் போகுமுன் 10 வினாடி சும்மா இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் 3 வினாடிக்கு மேல் தாங்குவதில்லை. வாய் தானாகத் திறந்துவிடும்.

மூன்று நாள் இப்படிக் குறித்தால் படம் தெளிவாகும். ஓர் அம்மாவுக்கு 1 முதல் 5 வரை எல்லாம் 4, ஆறாவது மட்டும் 0, ஏழாவது மறுபடி 4 என்று வந்தால் 'இவருக்குப் பூக்கட்ட வராது' என்று எழுதுவது தப்பு. அவருக்குக் கண்ணி போட மட்டும்தான் வரவில்லை. அந்த ஒரு படியைப் பக்கத்தில் இருப்பவர் செய்து கொடுத்தால் மாலை முடிந்துவிடும்.

எல்லாப் படியும் தடுமாறுகிறவருக்குக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆறு படியை நீங்கள் செய்து, இழுத்து இறுக்குவதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது பழகியதும் ஆறும் ஏழும். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துப்போய் முடிக்காமல் எழுந்துவிடுவார். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் முடித்த திருப்தி அவருக்கு.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. அந்தக் காலத்தில் தரையில் உட்கார்ந்து, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக் கட்டிப் பழகியவர்கள் பலர். நாற்காலியில் உட்கார வைத்ததும் அந்த இழுவிசை போய்விடுகிறது, கையும் மறந்துபோகிறது. நூலின் முனையை மேசை விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்து வையுங்கள். மறந்ததாக நினைத்த கை சட்டென்று திரும்ப வருவது உண்டு.

---

கரும்பலகை

ஊடுபுள்ளி சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்த முறை ஒன்றையாவது முழுசாகக் கற்க வேண்டும்.

மறதிநோய் ஆரம்ப, நடுக்கட்டத்துக்கு அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை, சுருக்கமாக சி.எஸ்.டி. ஏமி ஸ்பெக்டர் குழுவினர் இங்கிலாந்தில் 201 பேரை வைத்துச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு வீதம் 7 வாரம், மொத்தம் 14 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், குழுவில் 5 முதல் 8 பேர். உடல் விளையாட்டு, ஒலிகள், இளமைக்காலம், உணவு, நாட்டு நடப்பு, பணத்தைக் கையாளுதல், சொல் விளையாட்டு என்று அமர்வுக்கு ஒரு பொருள். இதை இந்தியச் சூழலுக்கு மாற்றியமைக்கும் வேலை சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனத்தில் தமிழ் பேசுபவர்களோடுதான் நடந்தது, 2017இல் கட்டுரையாக வந்தது. நம் மொழியில் வேர் இருக்கிற முறை, அதை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவானேன்.

இதில் எங்கே சறுக்குவார்கள் என்றால், பொது அறிவுப் போட்டியாக்கிவிடுவார்கள். 'இன்னைக்கு என்ன தேதி?', 'முதலமைச்சர் யார்?', 'இது என்ன காய்?' பதில் தெரியாத ஒவ்வொரு கேள்வியும் அந்த மனிதருக்கு ஓர் அடி. அபிப்பிராயம் கேட்க வேண்டும், தகவல் கேட்கக் கூடாது என்பதுதான் முறையின் உயிர். இரண்டு கத்தரிக்காயைக் கையில் கொடுத்து 'எண்ணெய்க் குழம்புக்கு இதுல எது சரிவரும்?' என்று கேளுங்கள். தப்பான பதிலே கிடையாது. பெயர் மறந்தவர்கூடப் பேசுவார். அதற்குள் எதிர் நாற்காலி 'அதெல்லாம் சாம்பாருக்குத்தான் ஆகும்' என்று சண்டைக்கு வந்துவிடும். அந்தச் சண்டைதான் சிகிச்சை.

தேதியை மறைக்கச் சொல்லவில்லை. பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, 'இன்னைக்கு ஆடி வெள்ளி' என்று நீங்களே சொல்லிவிட்டு, 'உங்க வீட்டுல கூழ் ஊத்துவீங்களா?' என்று தொடங்குங்கள்.

---

ரொறன்ரோ_மாமரம்

சான்றிதழ் பற்றிக் கேட்டபடியால் இஞ்சத்தைய கணக்கைச் சொல்லுறன். அமெரிக்காவில இந்தத் தொழிலுக்கு என்.சி.டி.ஆர்.சி. எண்ட அமைப்பு 1981இல இருந்து சான்றிதழ் குடுக்குது. கனடாவிலயும் அதை ஏற்பினம். பட்டப்படிப்பு, 14 கிழமை 560 மணித்தியாலப் பயிற்சி, பிறகு பரீட்சை. எடுத்த சான்றிதழை 5 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும். அதுக்கு 480 மணித்தியால வேலையும் 50 மணித்தியாலத் தொடர்கல்வியும் காட்டலாம், இல்லாட்டில் திரும்பப் பரீட்சை எழுதலாம்.

50 மணித்தியாலம் எண்டால் வருசத்துக்கு வெறும் 10. நீங்கள் கிழமைக்கு 3 மணித்தியாலம் ஒதுக்கிறன் எண்டுறீங்கள், அது வருசத்துக்கு 150க்குக் கிட்ட. ஆகவே நேரம் உங்களுக்குத் தாராளம். அதை எதில போடுறது எண்டதுதான் கேள்வி.

இஞ்ச படிப்பிக்கிற அடிப்படை ஐஞ்சு சொல்: மதிப்பிடல், திட்டமிடல், நடத்தல், திரும்பிப் பார்த்தல், பதிதல். உலகம் முழுக்க எங்கட ஆக்கள் மூண்டாவதை மட்டும் செய்துகொண்டு களைச்சுப்போகினம். மற்ற நாலையும் பழகினாலே பாதி படிச்ச மாதிரி.

மதிப்பிடலுக்கு ஒரு உதாரணம், பாட்டு. ஆக்களுக்குப் பத்து வயசுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுதான் கூடத் தங்கும். 2024இல 80 வயசுக்காரர் 1944இல பிறந்தவர். அவருக்கு 1954 தொடக்கம் 1974 வரை வந்த பாட்டு. 68 வயசுக்காரருக்கு 1966 தொடக்கம் 1986. ஒரே அறையில இருக்கினம் எண்டு ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டைப் போட்டால் ஒராள் நித்திரை. ஊரையும் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில வளந்தவைக்கு இலங்கை வானொலியில கேட்ட பாட்டு, கோயில் திருவிழாவில கேட்ட நாதஸ்வரம் எண்டு கணக்கு வேற மாதிரிப் போகும்.

மொழியும் அப்பிடித்தான். பிறகு படிச்ச மொழிதான் பெரும்பாலும் முதலில கழரும். முப்பது வருசம் ஆங்கிலத்தில வேலை செய்த மனிசன் திடீரெண்டு தமிழில மட்டும் கதைப்பார். இஞ்ச அதை முரண்டு எண்டு எழுதிவைக்கிற இடங்கள் இருக்கு. சென்னையில தெலுங்கோ சௌராஷ்டிரமோ வீட்டுமொழியாய் இருக்கிறவைக்கும் இது நடக்கும், கவனியுங்கோ.

---

தேன்சிட்டு

பாட்டு பற்றி ஒரு துணுக்கு. பழைய திரைப்பாட்டை மூலச் சுருதியிலேயே ஒலிக்கவிட்டால் யாரும் கூடப் பாட மாட்டார்கள், கேட்பார்கள். வயது ஏற ஏறப் பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும். 5 அல்லது 5½ கட்டையில் பாடிய பாட்டை 3 அல்லது 4க்கு இறக்கி, நீங்கள் நேரில் பாடுங்கள். கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்று போதும். வேகத்தையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். முதல் அடியைப் பாடி, இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்தச் சொல் எந்த நாற்காலியிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

---

பட்டாணிச்செடி

எல்லாருக்கும் நன்றி. பூக்கட்டுவதை இந்த வாரமே பிரித்துப் பார்க்கலாம். இரண்டு சந்தேகம். ஒன்று, முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடும்பத்தார் கேட்கும்போது 'நல்லா இருக்காங்க' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது, 12 பேருக்கும் இப்படிப் படிக்குப் படி எண் போட்டால் ஆக்டிவிட்டியை யார் நடத்துவது?

---

நாழிகை

முதல் கேள்விக்கு என் பதில்: இலக்கு எட்டல் அளவுகோல். கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968இல் மனநல சேவைகளுக்காக உருவாக்கியது. காசு செலவில்லை, ஒரு தாள் போதும்.

ஒருவருக்கு ஓர் இலக்கு. அதை ஐந்து படியாக எழுத வேண்டும், −2 முதல் +2 வரை. 0 என்பது 'இத்தனை வாரத்தில் இவ்வளவு வந்தால் எதிர்பார்த்தது நடந்தது' என்று பொருள். உதாரணம், குழுவில் வாய் திறப்பதே அரிதான ஒருவர். 45 நிமிட அமர்வில் பக்கத்தில் இருப்பவரிடம் அவராகப் பேச்சுத் தொடுப்பது எத்தனை தடவை, 6 வார இலக்கு:

−2: ஒரு தடவைகூட இல்லை
−1: 1 தடவை (இப்போதைய நிலை)
0: 2 அல்லது 3
+1: 4 அல்லது 5
+2: 6 அல்லது அதற்கு மேல்

இதில் நடக்கும் தப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரே ஏணியில் இரண்டு விஷயத்தைக் கட்டுவார்கள்: 'சிரித்த முகத்துடன் 3 தடவை பேசுவார்'. பேசினார், சிரிக்கவில்லை, இப்போது எந்தப் படி? இன்றைய நிலையை −2இல் வைத்துவிடுவார்கள். அப்புறம் நிலைமை மோசமானால் குறிக்க இடம் இருக்காது. ஆறு வாரம் கழித்து உட்கார்ந்து, நடந்ததற்குத் தோதாக ஏணி எழுதுவார்கள். இது கணக்குப் பரீட்சையில் விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதுவது மாதிரி. முதல் நாளே எழுதித் தேதி போட்டு ஆயாம்மாவிடமும் காட்டிவிடுங்கள், பிறகு மாற்ற மனசு வராது.

மறதிநோய் கூடிக்கொண்டே போகிற நோய் என்பதையும் ஏணியில் கணக்கிட வேண்டும். நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு இன்றைய நிலையையே 0இல் வைக்கலாம். ஆறு மாதம் அதே இடத்தில் நின்றால் அதுவே எதிர்பார்த்த பலன். குடும்பத்தாரிடம் அப்போது 'போன ஆடியில எப்படிச் சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்து வெச்சாரோ, இந்தத் தையிலயும் எடுத்து வைக்கிறார்' என்று சொல்ல முடியும். 'நல்லா இருக்கார்' என்பதைவிட அது அவர்களுக்கு நூறு மடங்கு புரியும்.

இரண்டாவது கேள்வி. 12 பேரையும் ஒரே வாரத்தில் பார்க்கவே கூடாது. ஒரு வாரத்துக்கு இரண்டு பேர். ஆறு வாரத்தில் சுற்று முடியும், ஏணிக்கும் 6 வாரம், கணக்குப் பொருந்தும்.

---

ஊடுபுள்ளி

நாழிகை சொன்ன 'வாரம் இருவர்' சரியான கணக்கு. 3 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்:

நாளுக்கு 10 நிமிடம் வீதம் 5 நாள் குறிப்பெழுத: 50 நிமிடம். அமர்வு முடிந்த அரை மணிக்குள் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் நடந்தது போய், நடந்திருக்க வேண்டியதுதான் தாளில் வரும்.

வாரம் ஒரு தடவை 5 நிமிடக் காணொளி எடுத்துப் பார்க்க: 40 நிமிடம். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், உங்கள் உடல் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது, யாருக்கு முதுகு காட்டுகிறது என்று. இரண்டாம் தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, நீங்கள் பேசிய வினாடியையும் அவர்கள் பேசிய வினாடியையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதல் காணொளியில் நம் பங்கே முக்கால்வாசி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குறைப்பதற்கு வழி அதிகம் கேள்வி கேட்பது இல்லை. கேட்ட கேள்விக்கு அப்புறம் வாயை மூடிக்கொள்வது.

ஒரு விஷயத்தைப் படிக்க 45 நிமிடம். அந்த வாரம் எது உதைத்ததோ அதைப் பற்றி மட்டும். பொதுவாகப் படித்தால் ஒட்டாது.

மீதி 45 நிமிடம் இன்னொரு மையத்தில் இதே வேலை பார்ப்பவரோடு பேச. அது பற்றித் தேன்சிட்டு எழுதினால் நன்றாக இருக்கும், நான் அதில் கொஞ்சம் வீக்.

---

மொட்டைமாடி

காணொளி என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எழுத்தில் சம்மதம் வேண்டும். முடிந்தவரை அந்தப் பெரியவரிடமே, அவரால் புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால் குடும்பத்தாரிடம். எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும். சொந்தக் கைபேசியில் எடுக்கக் கூடாது, மையத்தின் கருவியில் எடுத்துப் பார்த்த வாரமே அழிக்க வேண்டும். கைபேசியில் எடுத்தால் தானாக மேகக்கணிக்கு ஏறி, குடும்ப வாட்ஸ்அப் வரைக்கும் போய்விடும். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். தான் சாப்பாடு சிந்துவதை ஊர் பார்ப்பதை யார்தான் விரும்புவார்கள்.

அப்புறம் பொருள்கள் விஷயம். இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதே கவலையாக இருக்கிறது.

பூக்கட்டும் கூடையில் அரளி வரவே கூடாது. கோயில் பூக்காரரிடம் மொத்தமாக வாங்கினால் கலந்து வரும். செடி முழுக்க விஷம், இதயத்தைத் தாக்கும். நடுக்கட்டத்துக்கு மேல் சிலர் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுவார்கள். மல்லி, முல்லை போதும்.

பல்லாங்குழிக்குக் குன்றிமணி கூடவே கூடாது. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், கடித்து மென்றால் ஆளைக் கொல்லும். புளியங்கொட்டை, சோழி விஷமில்லை, ஆனால் தொண்டையில் அடைக்கும். 4 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழைகிற எதையும், வாயில் போடும் பழக்கம் உள்ளவர் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள். அவர்களுக்கு ஆரஞ்சுப்பழ அளவில் துணிப்பந்தும் ஆறு கிண்ணமும் கொடுத்தாலே விளையாட்டு நடக்கும்.

மற்றவர்களுக்கும் 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 காய் என்ற முழு ஆட்டம் வேண்டியதில்லை. 6 குழி, குழிக்கு 3, மொத்தம் 18. பலகை கறுப்பாக இருந்தால் வெள்ளைச் சோழி, வெளிர்மரமாக இருந்தால் கறுத்த கொட்டை. நிறம் ஒட்டிப்போனால் கண்புரைக் கண்ணுக்குக் குழியும் காயும் ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும்போது எண்ணுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள். 17 இருந்தால் பதினெட்டாவது கிடைக்கிற வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

கோலம் போடுகிறீர்கள் என்றால் தரையில் குனிய வைக்காதீர்கள். குனிந்து நிமிரும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். மேசைமேல் கறுப்புப் பலகை, விளிம்பு உயர்ந்த தட்டில் மாவு, 5 புள்ளி 5 வரிசை. மாவு பறந்து இருமல் வந்தால் ரவை.

---

கரும்பலகை

மொட்டைமாடி சொன்னது அத்தனையும் ஒட்டிவைக்க வேண்டியது. ஒரே ஒரு மறுப்பு. '17 இருந்தால் யாரும் எழக் கூடாது' என்பது சிறுநீர் அவசரம் உள்ளவரிடம் நடக்காது. ஆயாம்மா கூடப் போகட்டும், காயை நீங்கள் தேடுங்கள்.

---

மொட்டைமாடி

சரி, ஒப்புக்கொள்கிறேன்.

---

தேன்சிட்டு

ஊடுபுள்ளி கேட்டது. மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று மையக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விதி இல்லாமல் உட்கார்ந்தால் சம்பளத்தையும் நிர்வாகத்தையும் திட்டி 45 நிமிடம் போய்விடும். (திட்ட வேண்டியதுதான், அதற்கு வேறொரு நேரம் டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒருவர் ஒரே ஒரு சிக்கலை 5 நிமிடம் சொல்ல வேண்டும், பெயர், ஊர் இல்லாமல். அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். 'நீங்க ஏன் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கலை?' என்பது கேள்வி வேஷம் போட்ட யோசனை, அதையும் அனுமதிக்காதீர்கள். 'அவர் எழுந்து போறது எத்தனை மணிக்கு?' என்பது கேள்வி. பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்திலேயே சொன்னவருக்கே விடை தெரிந்துவிடும். தினமும் பதினொன்றரைக்கு எழுகிறார், அப்போது சமையலறையில் தாளிக்கிற வாசனை வருகிறது, பசி. அவருக்கு ஆக்டிவிட்டி பிடிக்கவில்லை என்று எழுதி வைத்திருந்தால் ஆறு மாதம் வேறெதையெதையோ மாற்றிக்கொண்டிருப்போம்.

பிறகு 15 நிமிடம் யோசனைகள். அதில் சொன்னவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ள 5 நிமிடம். மிச்சம் 10 நிமிடத்தில் போன தடவை எடுத்துக்கொண்டு போன மாற்றம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். நாற்காலியையும் நேரத்தையும் பாட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

---

நாழிகை

கற்றலில் உங்கள் சொந்த உடம்பும் சேர்த்தி, பட்டாணிச்செடி. காது மந்தமானவர்களிடம் நாள் முழுக்கக் கத்திப் பேசித் தொண்டை கட்டிக்கொள்பவர்கள் இந்த வேலையில் அதிகம். வயதினால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சு ஒலிகள். கத்தும்போது நம் குரல் உச்சத்துக்குப் போகிறது, அதாவது அவருக்குக் கேட்காத இடத்துக்கே போய் நிற்கிறது. குரலைத் தாழ்த்தி, முகத்துக்கு நேராக, ஒரு மீட்டர் தூரத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள். பின்னால் ஜன்னல் இருந்தால் உங்கள் உதடு அவருக்குத் தெரியாது. மின்விசிறி கடகடவென்று ஓடினால் அதைப் பழுதுபார்ப்பது எந்தப் பயிற்சி வகுப்பையும்விட மலிவு.

பெயர், இடம் போல ஏதாவது ஒன்றை அவர்கள் நினைவில் நிறுத்த வேண்டுமென்றால் இடைவெளி விட்டு நினைவூட்டும் முறையைப் பழகுங்கள். 'கண்ணாடி எங்க வெச்சிருக்கீங்க?' 'சட்டைப் பையில.' 15 வினாடி கழித்து அதே கேள்வி, பிறகு 30, 1 நிமிடம், 2, 4, 8. தப்பினால் 'யோசிங்க, யோசிங்க' என்று குடையாமல் உடனே விடையைச் சொல்லி, அவரைச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். தப்பான விடையைத் தேடவிட்டால் அந்தத் தப்பே பதிந்துவிடும். இடையில் வரும் காத்திருப்பில் பல்லாங்குழியோ பூவோ நடந்துகொண்டிருக்கலாம், தனி நேரம் தேவையில்லை.

---

ரொறன்ரோ_மாமரம்

பக்கவாதம் வந்த ரெண்டு பேரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. இடப்பக்கத்தைக் கவனியாமல் விடுறவை இருக்கினம், கண்ணில பழுது இல்லை, மூளை அந்தப் பக்கத்தைப் பொருட்படுத்தாது. தட்டில இடப்பக்கச் சோறு அப்பிடியே கிடக்கும். அவைக்குப் பூக்கூடையை நடுவில வைச்சுத் தொடங்கி, பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் தள்ளுங்கோ. இடது விளிம்பில ஒரு சிவப்பு நாடா ஒட்டி, 'சிவப்புத் தெரியுமட்டும் பாருங்கோ' எண்டு சொல்லிப் பழக்குங்கோ. எடுத்தவுடன கொண்டுபோய் இடப்பக்கம் வைச்சால் கூடையே இல்லை எண்டு சொல்லுவினம். சக்கர நாற்காலியில இருந்தால் பிறேக் ரெண்டு பக்கமும் போட்டிருக்கோ எண்டு நீங்களே பாருங்கோ. இடது பிறேக்கை அவை மறப்பினம்.

---

கரும்பலகை

சான்றிதழ் பற்றி இந்திய நிலவரம். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவுப் பிரிவுகளில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் கிடையாது. 2021ஆம் ஆண்டுத் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளரோடு சேர்த்து அந்தப் பெயர் வருகிறது. எனவே சில வாரச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி 'அரசு அங்கீகாரம் பெற்ற பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் ஆகலாம்' என்று விளம்பரம் வந்தால், எந்தச் சட்டம், எந்தப் பதிவேடு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். நிஜமாகவே செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் முதலுதவிப் பயிற்சி, தொண்டை அடைப்புக்கும் இதய நிறுத்தத்துக்கும். அடுத்தது சி.எஸ்.டி. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

---

பட்டாணிச்செடி

குறிப்பேடு தொடங்கியாயிற்று. நேற்றைய வரி: 'அம்மா இன்று மகிழ்ச்சியாக இருந்தார், நன்றாக ஒத்துழைத்தார்.' சரியா?

---

ஊடுபுள்ளி

அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மகிழ்ச்சி உங்கள் ஊகம், ஒத்துழைப்பு உங்கள் வசதி. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும் வேண்டும். இப்படி: '10.40. மல்லி, வாழைநார். படி 1–5 தானாக. படி 6இல் 10 வினாடி காத்ததும் பக்கத்தவரைப் பார்த்தார், அவர் கண்ணி போட்டுக் கொடுத்தார். 22 நிமிடம் இருக்கையில். ஒரு முழம். முடிந்ததும் தன் தலையில் வைத்துக் காட்டச் சொன்னார். நாளை: பக்கத்தில் அதே ஆள்.'

---

பட்டாணிச்செடி

புரிந்தது. ஒரு சின்ன விஷயம், வாழைநார் பாதியில் பொட்டுப் பொட்டென்று அறுந்துபோகிறது. நூலுக்கே மாறிவிடலாமா?

---

ஊடுபுள்ளி

காய்ந்த நாரில் கட்டினால் அறும். கட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் போட்டு, பிழிந்து, ஈரத்துணியில் சுற்றி மேசையில் வையுங்கள், ஒவ்வொரு இழையாக உருவிக் கொடுங்கள். அப்படியும் அறுந்தால் நார் மெல்லியதாகக் கிழிந்திருக்கிறது, இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலுக்கு மாறாதீர்கள். நார் தெரிந்த கைக்கு நூல் வழுக்கும், ஆறாவது படி மறுபடி பூஜ்யமாகிவிடும்.